சவரக்கத்தியைத் தீட்டக் கற்றல்

நம் ஆண்டிதழில் இலக்கிய ஆய்வும் மொழி ஆய்வும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. நான் எழுத எடுத்துக்கொண்டது அவற்றோடு சேராத ஒன்று. மடக்கும் சவரக்கத்தியை வீட்டிலேயே, கல்லிலும் தோலிலும், தீட்டும் முறையைத் தமிழில் விளக்கமாக எழுதிவைக்க விரும்புகிறேன். பொறியியல் மாணவிக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். என் தாத்தாவுக்கு 84 வயது. கை நடுங்குகிறது. கண்புரை வேறு. பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் காலையில் மரம் வெட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் முடிவெட்டிச் சவரம் செய்தவர் அவர். கத்தி இன்னும் அவரிடம் இருக்கிறது. தீட்டும் கைதான் இல்லை. கடந்த நீண்ட விடுமுறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் வீட்டின் அஞ்சடியில் உட்கார்ந்து தீட்டினேன். அவர் சொன்னதையும் என் பாடத்திலிருந்து நான் சேர்த்துக்கொண்டதையும் கீழே தருகிறேன்.

முதலில் சொற்கள். நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும், பிறகு புகுமுக வகுப்பு தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். ‘கோணம்’ என்று கற்றது பதின்மூன்று வயதில் ‘சூடுட்’ ஆகியது; பல்கலைக்கழகத்தில் அதுவும் ஆங்கிலமாயிற்று. இரும்பு, எஃகு பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் பிறமொழிச் சொற்களில்தான் மண்டைக்குள் இருந்தன. தாத்தாவிடமோ ஒவ்வொன்றுக்கும் சொல் இருந்தது. வெட்டும் விளிம்பு கத்தியின் ‘வாய்’. எதிர்ப்புறத் தடித்த பகுதி ‘முதுகு’. வாயில் சிறு துணுக்கு உடைந்தால் ‘பல் விழுந்தது’. தீட்டும்போது விளிம்பில் தொங்கும் மெல்லிய இரும்பு இழை ‘பிசிறு’. கைப்பிடிக்கு அருகில் இருப்பது ‘அடி’, மறுமுனை ‘நுனி’. இந்தச் சொற்களையே கட்டுரை முழுதும் பயன்படுத்துகிறேன். சவரம் என்பது வடமொழி வழி வந்த சொல். மழித்தல் என்பது நம்முடையது. வள்ளுவர் 280ஆம் குறளில் அதைத்தான் ஆள்கிறார்.

கத்தியின் அமைப்பு

தாத்தாவின் கத்தியில் சோலிங்கன் என்ற பெயர் பொறித்திருக்கிறது. ஜெர்மனியில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன நகரம் அது. அந்தப் பெயரைக் கண்டவரும் பொறிக்க முடியாதபடி 1938 முதலே அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்தின் செஃபீல்டும் இதே தொழிலில் புகழ்பெற்ற ஊர்.

அடுப்படிக் கத்தியைத் தீட்டுகிறவர் கோணத்தைக் கையால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சவரக்கத்தியில் அந்தச் சிரமம் இல்லை. கத்தியைக் கல்லின்மேல் தட்டையாகப் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடுகின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதி குழிவாகக் கடையப்பட்டிருப்பதால் கல்லில் படாது. ஆகவே கோணத்தை முடிவு செய்வது முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் மட்டுமே. எங்கள் கத்தியின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 4.5 மில்லிமீட்டர். தடிமனில் பாதி 2.25, அதை 16ஆல் வகுத்தால் 0.14. சைன் மதிப்பு 0.14 தரும் கோணம் ஏறத்தாழ 8 பாகை. இரு பக்கமும் சேர்த்து 16 பாகை. அடுப்படிக் கத்திக்கு இது 30 முதல் 40 பாகை வரை இருக்கும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. பல்லாண்டு தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து கத்தியின் அகலம் குறையும். ஆனால் கல்லில் முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை. இதை வகுப்பில் சொல்லியிருந்தால் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். முதுகு தேயாமலிருக்க அதன்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவை ஒட்டித் தீட்டுவோரும் உண்டு. நாடா ஒட்டினால் கோணம் ஒரு பாகையளவு கூடும். பிறகு எப்போது தீட்டினாலும் நாடாவோடுதான் தீட்ட வேண்டியிருக்கும். தங்கப்பூச்சு போட்ட முதுகாக இருந்தாலொழிய அது வேண்டாம் என்பது என் கருத்து.

கற்கள்

கல்லின் எண் கூடக் கூட அதன் துகள் சிறியது. 1000 எண் கல்லின் துகள் ஏறத்தாழ 14 மைக்ரான். 8000 எண் கல்லில் 1 முதல் 2 மைக்ரான். நம் தலைமயிரின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இந்த அளவுகள் விளங்கும். மழுங்கிப்போன கத்தியை மீட்க எனக்கு மூன்று எண்கள் தேவைப்பட்டன: 1000, 4000, 8000. இதற்கும் மேல் 12000 எண் கல்லும் உண்டு. இயற்கைக் கற்களில் பெல்ஜியம் நாட்டின் மஞ்சள் கல்லுக்கும் ஜப்பானின் கியோத்தோ பக்கத்துக் கற்களுக்கும் தனி மதிப்பு. அவற்றின் விலை மாணவர்களுக்குரியது அல்ல.

தாத்தாவிடம் உள்ளங்கையளவு பழைய கல் ஒன்றும் இருந்தது. நாற்பது ஆண்டு இழுத்ததில் நடுவே பள்ளம் விழுந்திருந்தது. பள்ளக் கல்லில் நேர்வாய்க் கத்தியைத் தீட்ட முடியாது, வாயும் வளைந்துவிடும். இதைச் சரிசெய்வது எளிது. கல்லின் முகம் முழுதும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் நீரில் நனைத்த உப்புத்தாளை விரித்து, அதில் கல்லைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். பென்சில் கோடுகள் மேட்டில் முதலில் அழியும், பள்ளத்தில் கடைசியில் அழியும். எல்லாக் கோடும் அழிந்த பிறகே கல் தட்டையானது என்று பொருள். புதுக் கல்லுக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் கடையிலிருந்து வரும் கல்லெல்லாம் தட்டையாக இருப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. சுழலும் சாணைச் சக்கரத்தில் சவரக்கத்தியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வாய் மிக மெல்லியது. ஒரு நொடியில் சூடேறும். 200 பாகை செல்சியசைத் தாண்டும்போதே பதமான எஃகு கடினம் இழக்கத் தொடங்குகிறது. நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் வாய் நிற்காது.

கல்லில் தீட்டுதல்

கல்லை நனைத்து, வழுக்காத ஈரத்துணியின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைப் பிடிக்கும்போது கைப்பிடியை அல்ல, அதற்கும் வாய்க்கும் இடையிலுள்ள கழுத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க வேண்டும். அந்த இரு விரலுக்குள் கத்தி உருள வேண்டும். தட்டையாகப் படுக்கவைத்து, வாய் முன்னே செல்லும்படி, கல்லின் மேல்தோலைச் சீவி எடுப்பதுபோலத் தள்ள வேண்டும். கல்லின் மறுமுனையில் கத்தியைத் தூக்காமல் முதுகின்மேலேயே புரட்டித் திரும்ப இழுக்க வேண்டும். வாயின்மேல் ஒருநாளும் புரட்டக்கூடாது.

கத்தியின் நீளம் கல்லின் அகலத்தைவிடச் சற்று அதிகம். ஆகவே நேராகத் தள்ளினால் ஒரு பகுதி கல்லில் படாமலே போகும். அடி கல்லின்மேல் இருக்கத் தொடங்கி, தள்ளும்போதே குறுக்காக நகர்த்தி, முடிக்கையில் நுனி கல்லில் இருக்கும்படி செய்ய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரு பக்கத்துத் தள்ளலும் சேர்ந்து பெருக்கல் குறியைப் போலத் தோன்றும்.

“அழுத்தாத கண்ணு. கத்தி எட போதும்.” தாத்தா ஒரு மாலைக்குள் இதை எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. அழுத்தினால் என்ன ஆகும்? கத்தியின் நடுப்பகுதி தாள்போல மெல்லியது. அழுத்தும்போது அது வளைகிறது. வாய் தன் கோணத்தை விட்டு விலகுகிறது. தேய்ந்த இரும்பு விளிம்பில் பிசிறாகத் தொங்குகிறது. பிசிறு ஏமாற்றும். கைமயிரில் வைத்துப் பார்த்தால் கூர்போலத் தெரியும், தாடியில் நாலு இழுப்பில் ஒடிந்துபோகும்.

1000 எண் கல்லில் எவ்வளவு நேரம் தீட்டுவது? எண்ணிக்கையில் இதற்கு விடை இல்லை. வாயோரச் சரிவில் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் மை தீட்டுங்கள். ஒரு முறை கல்லில் தள்ளிவிட்டுப் பாருங்கள். மை அழிந்த இடத்தில் கல் படுகிறது, அழியாத இடத்தில் படவில்லை. அடி முதல் நுனி வரை, விளிம்பின் கடைசி இழை வரை மை ஒரே சீராக அழியும்வரை இந்தக் கல்லை விட்டு நகரக்கூடாது. எங்கள் கத்தியில் நுனிப்பக்கம் சிறு பல் விழுந்திருந்ததால் இதற்கே இரண்டு மாலைகள் ஆயின. அடுத்த கற்கள் 1000 எண் கல் விட்ட கீறல்களை அழிக்கின்றனவே தவிர, புதிதாக வாய் உண்டாக்குவதில்லை. 4000 எண் கல்லில் முப்பது, நாற்பது சுற்று. 8000 எண் கல்லிலும் அவ்வளவே. கடைசிச் சுற்றுகளில் கையின் எடைகூட இருக்கக் கூடாது.

கண் தெரியாத தாத்தா எப்படிச் சரி பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் ஓசையைக் கேட்டார். கத்தி கல்லில் போகும் சத்தமும் வரும் சத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் ஒரு பக்கம் கை சாய்கிறது என்று பொருள். “அந்தப் பக்கம் கரகரங்குது பாரு” என்பார். நான் மையைப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் அழியாமல் இருக்கும். மார்க்கர் பேனா எனக்கு; காது அவருக்கு.

தோலில் இழுத்தல்

கல் வேலை முடிந்ததும் வார். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டு, முதலில் முரட்டுத் துணிப் பக்கத்தில் இருபது, இருபத்தைந்து முறையும், பிறகு தோல் பக்கத்தில் ஐம்பது முறையும் இழுக்க வேண்டும். இங்கே திசை தலைகீழ். “கல்லுல வாய் முன்ன, தோலுல முதுகு முன்ன” என்பது தாத்தாவின் வாய்பாடு. தோலில் வாய் முன்னே போனால் கத்தி வாரையே அறுத்துவிடும். வார் தொய்ந்தாலும், முதுகைச் சற்றே தூக்கினாலும் வாய் உருண்டு மழுங்கும். வேகம் தேவையில்லை. கடையில் டப்டப்பென்று அடிப்பது வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காம், தாத்தாவே சொன்னார்.

ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் வார் வேண்டும். கல் சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். இதன் காரணம் 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. மயிர் எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அது எப்படி எஃகை மழுங்கச் செய்யும்? வாய் மெல்ல உருண்டு தேய்கிறது என்றே பலரும் எண்ணியிருந்தனர். மின்னணு நுண்ணோக்கிக்குள் மயிரை வெட்டவைத்துப் பார்த்தபோது, மயிர் வளைந்து ஒரு சாய்வில் மோதும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளியில், வாயிலிருந்து நுண்ணிய துணுக்கு பெயர்வது தெரிந்தது. அதாவது, தாத்தா சொல்லும் ‘பல் விழுதல்’ கண்ணுக்குத் தெரியாத அளவிலும் நடக்கிறது. அவரிடம் படித்துக் காட்டினேன். “அதான் மொதல்ல சுடுதண்ணித் துண்டு போடணும்னு சொன்னேன்” என்றார். நனைந்த மயிர் இன்னும் மென்மை. வாய்க்கு வேலை குறைவு.

கூரைச் சோதிக்க விரல் நுனியை வாயோடு சேர்த்து இழுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முன்கையில் மயிரை, தோலில் படாமல், கால் அங்குலம் உயரத்தில் வெட்டிப் பாருங்கள். சத்தமின்றி மயிர் விழுந்தால் சரி. அல்லது தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கித் தொங்கவிட்டு வாயில் தொடுங்கள். தொட்டதும் அறுந்தால் மிகச் சரி.

தீட்டும் தீட்டும்

இதுவரை எழுதியதைத் தாத்தாவிடம் கேட்பதே எனக்கு எளிதாக அமையவில்லை. கத்தி அலமாரியின் மேல்தட்டில் பழைய துணியில் சுற்றியே இருந்தது. அப்பாவுக்கு அதைக் கீழே எடுப்பதில் விருப்பமில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது அந்தத் தொழிலையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டதாக அவர் நினைத்தார். யார் கேட்டாலும் “எங்கப்பா மரம் வெட்டினார்” என்பார். அது உண்மை, பாதி உண்மை. அதற்குக் காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒரு தொழிற்பெயரைச் சாதிப்பெயராக்கி, சாதிப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். சென்ற ஆண்டு ஒரு கலைநிகழ்ச்சி ஒத்திகையில், நண்பர் ஒருவரின் முடிவெட்டு சரியில்லை என்று கேலி செய்ய இன்னொருவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். என் தாத்தா அந்தத் தொழில் செய்தவர் என்றேன். சிரிப்பு நின்றது, பேச்சும் நின்றது. தூய தமிழ் பேச வேண்டும் என்று நாம் பதாகை கட்டிய அதே மண்டபம்.

இந்தத் தொழில் செய்தவர்களுக்குத் தமிழில் ‘மருத்துவர்’ என்ற பெயரும் உண்டு. ஆண்கள் கட்டி கீறி மருந்து வைத்தார்கள். பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். என் பாட்டி தோட்டத்தில் அந்த வேலைதான் செய்தார். பாட்டி கையில் பிறந்தவர்களுக்குத் தாத்தா கையில் முதல் மொட்டை. ஆனால் சவரம் முடிந்த பிறகு குளிக்காமல் யாரும் வீட்டுக்குள் போகமாட்டார்களாம். தாத்தா தொட்டது தீட்டு. கத்தியைக் கூராக்குவதும் தீட்டு, ஓவியம் வரைவதும் தீட்டு, அரிசியின் தவிட்டை நீக்குவதும் தீட்டு. ஒதுக்கிவைப்பதற்கும் அதே எழுத்துகள். பொருள் வேறு, வேர் வேறா என்பதை மொழியியல் படிக்கும் தோழர்கள் பார்க்கட்டும்.

நம் நாட்டில் 2009இல் இந்திய முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டு, 2023இல் மீண்டும் அனுமதி அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆளில்லை என்ற குரலை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் ஏன் போகவில்லை என்பதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

பயன்பாடும் பாதுகாப்பும்

இன்றைய கடைகளில் மடக்குக் கத்தி கிடையாது. இருபக்க பிளேடைப் பாதியாக ஒடித்துக் கைப்பிடியில் செருகி, ஒருவருக்குப் பயன்படுத்தியதும் வீசிவிடுகிறார்கள். இரத்தவழி நோய்களை எண்ணினால் அதுவே சரி. வீசும் பிளேடைப் பரப்பியவர் அமெரிக்கரான ஜில்லெட். 1903இல் விற்பனை தொடங்கியபோது முதலாண்டில் விற்றவை 51 சவரக்கருவிகள்தாம். பழைய கத்தியைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு கத்தி ஒரு முகத்துக்கு மட்டும். எங்கள் கத்தியைச் சவர்க்காரத்தால் கழுவி, 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைத்த பிறகே தொடங்கினோம். விடுதிக்கு இதைக் கொண்டுவர நினைக்காதீர்கள். பையில் கத்தியோடு பிடிபட்டால் விளக்கம் சொல்ல நேரம் தரமாட்டார்கள்.

இந்தக் கத்திகள் பெரும்பாலும் கரி மிகுந்த எஃகு. நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். கழுவி, துணியால் துடைத்து, தோலில் நாலைந்து இழுப்பு இழுத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் ஆணி இருக்கும் இடத்தில்தான் துரு தொடங்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிவிடும்.

மூன்றாம் வாரம் தாத்தாவுக்குச் சவரம் செய்தேன். சுடுநீர்த் துண்டு மூன்று நிமிடம், நுரை, பிறகு தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், மயிர் சாயும் திசையிலேயே மழித்தேன். கன்னம் தட்டையானது, அங்கே தொடங்குவது நல்லது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கூரான கத்தி தாடியில் மெல்லிய மணல் சரிவதுபோல ஓசை தரும். வலப்பக்கம் முடிந்ததும் “இன்னும் இருபது இழு” என்றார். வாரில் இருபது இழுத்துவிட்டு இடப்பக்கம் தொடர்ந்தேன்.

மோவாயும் தொண்டையும் வளைவானவை. அங்கே தலை அசையாமல் இருக்க இரண்டாவது ஆள் வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் நின்று இரு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்பாவுடையது.